அண்ணன் நிலத்துக்கு யார் விலை சொல்வது

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பாகம் பிரித்தபோது நிலத்தை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாதே. அது வரப்பின் மேலேயே இருந்தது. ஆளுக்குப் பாதி என்று பத்திரத்தில் எழுதி, ஒருநாள் அவர்கள் மாடு கட்டி இறைப்பது, மறுநாள் நாங்கள் இறைப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். வருடக்கணக்கில் அதில் ஒரு சண்டை வந்ததில்லை.

பிறகு மூத்தாருக்கு, அதுதான் வீட்டுக்காரருடைய அண்ணனுக்கு, முழங்கால் பிடித்துக்கொண்டது. அவர் மகன் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கடையைப் பெரிதாக்க வேண்டும், நிலத்தை விற்றுக்கொடு என்று நச்சரித்தான். விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். அதை நேரில் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அண்ணனும் தம்பியும் தினமும் பார்த்துக்கொள்வார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், மாட்டைப் பற்றிப் பேசுவார்கள். கொடுக்கல் வாங்கல் பேச்சு மட்டும் பெண்கள் வழியாகத்தான் போகும். மூத்தார் எதிரில் நான் வாய் திறக்கக் கூடாது. அதனால் அவர் பெண்சாதியான என் ஓரகத்தியிடம் நான் சொல்ல, அவள் போய்ச் சொல்ல, அங்கிருந்து பதில் அதே வழியில் திரும்பி வரும்.

அந்த நிலம் எங்களுக்கு வேண்டும் என்பதில் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. நிலத்தைவிடக் கிணறுதான் காரணம். பாதிக் கிணறு யார் கையிலோ போய்விட்டால் மீதிப் பாதியை வைத்துக்கொண்டு என்ன பயிர் வைப்பது? என் நகையை வைத்தாவது வாங்கிவிடலாம் என்று எனக்கும் எண்ணம்தான். விலை என்ன என்று தெரிந்தால் போதும். அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரரு இன்னா சொல்றாரு?" என்று கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஓரகத்தி கேட்பாள்.

"மாமா ஒரு வெல சொன்னா பார்க்கலாம்னு சொல்றாருக்கா."

"நல்லா இருக்குது போ. கூடப்பொறந்தவன்கிட்ட வெல சொல்றதுக்கு நான் இன்னா கத்திரிக்காயா விக்கிறேன், அவனா பார்த்துக் குடுக்கட்டும்னு இவரு சொல்லிக்கினு இருக்காரு."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால் இவர் முகத்தைச் சுளிப்பார். "நான் ஒரு வெல சொல்லி, தம்பிக்காரன் அடிச்சிக் கேட்டுட்டான்னு ஊரு பேசறதுக்கா? அண்ணன் வாயால வரட்டும்."

மறுபடி நான் போக வேண்டும். மறுபடி அவள் வர வேண்டும். அறுப்பு முடிந்தது, நடவு வந்தது, களை எடுத்தாயிற்று, பேச்சு அங்கேயே நின்றது. எனக்குக் கால் வலித்ததைவிட வாய்தான் வலித்தது.

இதற்கு நடுவில் விலை சும்மா இருக்கவில்லை. ரோட்டோரம் ஒரு வாத்தியார் வீடு கட்ட இடம் வாங்கினார். டவுன் பஸ் எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. பஸ் வந்ததும் ரோட்டோரம் இன்னும் நாலு இடத்தில் கல் நட்டார்கள். நாங்கள் காணி என்ன விலை என்று யோசித்துக்கொண்டிருக்க, டவுன்காரர்கள் மனை என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கல் நடும்போதும் மூத்தார் மனதிலிருந்த விலை ஏறியிருக்கும். எங்கள் மனதிலிருந்த விலை பழைய இடத்திலேயே இருந்தது.

டீக்கடையில் வேறு ஒரு பேச்சு. நில உச்சவரம்பை இன்னும் குறைக்கப் போகிறார்களாம், பெரிய ஆட்கள் எல்லாம் அவசரமாக விற்பார்களாம், விலை இறங்குமாம். "கொஞ்சம் பொறு," என்றார் வீட்டுக்காரர். அந்தச் சட்டத்தில் மாட்டுகிற அளவு நிலம் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இல்லை. அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன்.

ஒருநாள் ஓரகத்தி, "ஏன்டி, இந்த ஆம்பளைங்களோட மாரடிக்க என்னால ஆவல. நாம ரெண்டு பேரும் ஒரு வெல பேசி முடிச்சிட்டா இன்னா?" என்றாள்.

"சரிக்கா, சொல்லுங்க."

"நீ சொல்லு."

"பெரியவங்க நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகும் அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

அப்புறம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ஜரிகை வியாபாரி வந்தார். செருப்புக் காலோடு வரப்பில் நின்று, "பெரியவரே, இன்னா வெல சொல்றீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். மூத்தார் அந்த நிமிடமே சொன்னார். அந்நியரிடம் சொல்வதில் என்ன கூச்சம்? சாயங்காலத்துக்குள் அச்சாரம் கைமாறியது.

ரிஜிஸ்தர் அன்று தம்பியும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இவர் போனார், போட்டார். அண்ணனும் தம்பியும் ஒரே ஓட்டலில் சாப்பிட்டு, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். "பொங்கல் நல்லா இருந்துது," என்றார் என்னிடம். பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

வியாபாரி பயிர் வைக்கவில்லை. நிலம் சும்மா கிடந்தது. அவருடைய முறைநாளில் கிணற்றுத் தண்ணீரும் சும்மா கிடந்தது. கோடை வந்தது. நாங்கள் வைத்திருந்த நெல்லுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பது போதவில்லை, நுனி மஞ்சளாகிவிட்டது. இத்தனைக்கும் தண்ணீர் கண்ணெதிரில் நிற்கிறது. "எறைச்சா இன்னாங்க?" என்றேன். "அது அவங்க மொறை," என்று மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரி ஆட்களைக் கூட்டி வந்து கல் நட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய் நின்றேன். இன்னாம்மா என்று அவராகவே கேட்டார்.

"உங்க மொறையில தண்ணி சும்மா இருக்குது. பயிரு காயுது."

"அட, எடுத்துக்கோங்கம்மா. எனக்கு இன்னாத்துக்குத் தண்ணி? இந்தக் கெணத்தத் தூத்துட்டா இன்னொரு மனை வரும்னு பார்த்துக்கினு இருக்கறேன். உங்க பாதி இருக்குதே, அதான் தடங்கல்." பிறகு கொஞ்சம் கிட்ட வந்து, "நீங்களும் மொத்தமா குடுத்துடுங்களேன். இன்னா வெல எதிர்பார்க்கறீங்க?" என்றார்.

"ஊட்ல கேட்டுத்தான் சொல்லணும்," என்று திரும்பி நடந்தேன். கிணற்றைத் தூர்ப்பது என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது.

வீட்டுக்காரர் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"அவரு எவ்ளோ தர்றேன்னு சொன்னாரா?"

"இல்ல. நம்மளத்தான் கேட்டாரு."

"ம்," என்றார். எழுந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். "நீ வந்து மடை திருப்பு," என்று போகும்போதே குரல் கொடுத்தார். இருட்டும்வரை அவர் இறைத்தார், நான் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

அந்தப் போகத்துப் பயிர் பிழைத்தது. அடுத்த வருடம் நாங்களும் நிலத்தைப் பாதிக் கிணற்றோடு அவருக்கே கொடுத்துவிட்டோம். விலையை வியாபாரியே சொன்னார். இவர் சரி என்றார்.