ஆடிக்கு முந்தைய நாள் போட்ட டிக்

அந்தக் காரைப் பார்க்கப் போகுமுன் பதினான்கு வரிகளில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். தொழிற்சாலைக் கருவிகளைச் சோதித்துச் சான்று தருவது என் வேலை. சோதிக்காமல் டிக் போடுகிறவர்களை அலுவலகத்தில் நான் திட்டாத நாளில்லை. பட்டியலின் ஏழாவது வரி: குளிர்ந்த எஞ்சின், முதல் ஸ்டார்ட். இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பும்போதுதான் எஞ்சினின் உண்மையான சத்தம் கேட்கும். சூடாகிவிட்டால் பல கோளாறுகள் ஒளிந்துகொள்ளும்.

கார் அம்மாவுக்காக. தாராவியிலிருந்து செம்பூருக்கு வந்த பிறகும் வெள்ளிக்கிழமை மாட்டுங்கா கோயிலுக்குப் போவதை அவள் விடவில்லை. முட்டி தேய்ந்ததும் பஸ் படி ஏற முடியாமல் போனது. அதனால்தான் ஷோரூமே சோதித்து உத்தரவாதம் தரும் சர்ட்டிஃபைடு பழைய காரைத் தேர்ந்தெடுத்தோம்.

வண்டி எடுக்கப் போன வெள்ளிக்கிழமை மழை விடவே இல்லை. எங்களைக் கவனித்துக்கொண்ட சேல்ஸ்மேனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் தமிழர் என்று தெரிந்ததும் அம்மா விசாரணையை ஆரம்பித்துவிட்டாள்.

"எந்த ஊருப்பா?"

"கோவில்பட்டி பக்கம், பெரியம்மா. அப்பா அந்தக் காலத்துலயே இங்க வந்துட்டாவ. வீடு சான்பாடா."

"அதான பாத்தேன். பம்பாய்க்காரன் தலைக்கு இம்புட்டு எண்ணெய் வைக்க மாட்டானே."

அவர் சிரித்தார். அதுவரை 'மேடம்' என்றவர், அதன் பிறகு என்னைத் 'தங்கச்சி' என்றார்.

கார் மாலையோடு வாசலில் நின்றது. பானட்டைத் தொட்டேன். சூடாக இருந்தது. கழுவும் இடத்திலிருந்து யாரோ ஓட்டி வந்திருக்கிறார்கள். என் முகத்தையும் பட்டியலையும் பார்த்த அவர் தாமாகவே சொன்னார்:

"இது சரிப்படாது தங்கச்சி. நாளைக்குக் காலைல வாங்க. யாரும் சாவி போடாம நான் பாத்துக்கிடுதேன். நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

அம்மா நான்கு எலுமிச்சம்பழங்களையும் சக்கரங்களுக்கு அடியில் வைத்து முடித்திருந்தாள். "நாளைக்கு ஆடி பொறந்துரும்ப்பா. அப்புறம் ஒரு மாசம் வண்டி எடுக்க முடியாது. இன்னைக்கும் பத்தரைக்கு ராகுகாலம். ஏட்டி, சட்டுனு எழுதிக் குடுத்துட்டு ஏறு."

மணி பத்து இருபது. எனக்கு ராகுகாலத்திலும் நம்பிக்கையில்லை, ஆடியிலும் இல்லை. ஆனால் நனைந்த சேலையோடு நின்ற அம்மாவிடம் வாதாட மனமில்லை. ஷோரூம் தந்த டெலிவரி படிவத்திலும் அதே வரி இருந்தது. என் பேனாவாலேயே டிக் போட்டேன். பழங்கள் நசுங்கின. பத்தரைக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் தகர டப்பாவுக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். ஒரு நிமிடம் ஓடியதும் அடங்கிவிட்டது. எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்தது.

ஷோரூமுக்கு மூன்று முறை நடந்தேன். முதல் முறை, மழைக்காலத்தில் எல்லா வண்டியும் கத்தும் என்றார்கள். இரண்டாம் முறை, வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு கேட்டுவிட்டுச் சத்தமே இல்லை என்றார்கள். மூன்றாம் முறை மேனேஜர் என் டெலிவரி படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, அந்த டிக்கின் மேல் விரலை வைத்தார்.

அன்று மாலை தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். ஒன்பது வரிகள். எட்டு வரிகள் உண்மை. ஒன்று இது: 'குளிர்ந்த எஞ்சினைச் சோதிக்க விற்பனையாளர் வாய்ப்பளிக்கவில்லை, கையெழுத்திட அவசரப்படுத்தினார்.' தெரிந்தேதான் எழுதினேன். அது இல்லாவிட்டால் என் டிக் என்னையே மாட்டிவிடும்.

நான்காம் நாள் எங்களைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் வந்தாள். மேனேஜர் அறையில் அந்தச் சேல்ஸ்மேனை ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். "தூனே கல் ஆனே கோ போலா தா கி நஹீ?" மறுநாள் வரச் சொன்னாயா இல்லையா என்று மேனேஜர் கேட்டார்.

சேல்ஸ்மேன் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். நான் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாத் நஹீ, சார்," என்றார். ஞாபகமில்லையாம்.

புதிய செயின் இலவசமாகவே போட்டுத் தர ஒப்புக்கொண்டார்கள்; வண்டியை அங்கேயே விட்டோம். திரும்பும் வழியில் ஆட்டோவில் அம்மா கேட்டாள்:

"அந்தத் தம்பி நாளைக்கு வாங்கன்னுதான சொல்லுச்சு? என்ன அந்த ஆளு அப்படிக் கேக்கான்?"

"நான் மாத்தி எழுதிட்டேம்மா."

குர்லா சிக்னலில் ஆட்டோ நின்றது. "ஆடின்னு அவசரப்படுத்துனது நானுல்லா," என்றாள் அம்மா. "எம்பேர எழுத வேண்டியதுதான."

அடுத்த வாரம் வண்டியை எடுக்கப் போனபோது அந்தச் சேல்ஸ்மேனுடைய மேசையில் வேறொருவர் இருந்தார். பழைய வண்டிகளை நிறுத்தி வைக்கும் குர்லா யார்டுக்கு அவரை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே விற்பனை கிடையாது. வண்டிகளை எண்ணிக் கழுவ வைக்கும் வேலை. அன்றே தலைமை அலுவலகத்துக்குத் திருத்தம் அனுப்பினேன்: அவர் வாய்ப்பளித்தார், மறுத்தது நான். 'புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அந்தத் திருத்தத்தை அச்செடுத்துக்கொண்டு சனிக்கிழமை யார்டுக்குப் போனேன். தார்ப்பாய்க்கு அடியில், மழைக்கோட்டோடு நின்றிருந்தார்.

"இப்ப காலைல சத்தம் இல்லயே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லண்ணா."

தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "மெயில்ல போட்டா யாரும் பாக்க மாட்டாங்க, மேடம். இன்னைக்கு மேனேஜர் இங்க வருவாரு. உங்க வாயால சொன்னீங்கன்னா..."

"எத்தன மணிக்கு வருவாரு?"

"சொல்ல முடியாது, மேடம்."

மதியம் அலுவலகக் கூட்டம் ஒன்று இருந்தது. வரமுடியாது என்று செய்தி அனுப்பிவிட்டு, அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்து உட்கார்ந்தேன். அவர் தாளை மழை படாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டியை எண்ணப் போனார்.