மதியம் ஒரு மணிக்கு ஈரமாக இருக்க வேண்டும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். எங்கள் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் அரசு தொடக்கப் பள்ளியின் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்தது.

பாட மணி அல்ல. தண்ணீர் மணி. பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிடக் கூடாது என்பதற்காக அடிக்கிற மணி. நாலாம் வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் பாட்டிலைத் தூக்கியது. வாயில் வைத்தது. அண்ணாந்தது. இறக்கியது. மூடியது.

“பாத்தீங்களா சார்?” என்றார் தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர். குரலில் பெருமை.

பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க அரசாங்கக் கோப்புகளை மேய்ந்த கண் சும்மா இருக்குமா? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தொண்டை அசையவே இல்லை. பாட்டிலில் தண்ணீர் கழுத்து வரை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவளின் பாட்டிலும் அப்படித்தான்.

எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன். நான் போனது வேறு வேலையாக.

பள்ளிக்கு மேம்பாட்டுத் திட்டம் எழுதித் தர ஆள் தேடியிருக்கிறார்கள். கனகா என்னைச் சிபாரிசு செய்துவிட்டார். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டைப் பற்றி நன்றாகவே தெரியும். அந்தப் படிக்கட்டைக் கழுவுகிறவர் கனகா. காலையில் பள்ளியின் கழிப்பறையைக் கழுவுவதும் அவர்தான். “எங்க அபார்ட்மெண்ட்டு செகரெட்டரி சார் கீறாரு டீச்சர். எதுக்கெடுத்தாலும் எழுதிக்கினே இருப்பாரு” என்று சொன்னாராம். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ‘கல்வியாளர்’ என்று ஓர் இடம் உண்டு. அதில் என்னைப் போட்டார்கள். படித்தவன், பகலில் வேலை இல்லாதவன்... இரண்டு தகுதியும் எனக்கு இருந்தன.

குழுவுக்குத் தலைவர் அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே தலைவி மும்தாஜ். கணவர் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் மொபைல் கவர் விற்கும் கடை வைத்திருக்கிறார். மகள் ரிஸ்வானா நாலாம் வகுப்பு. ஜன்னலோரம் பார்த்தேனே, அந்தப் பெண்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் ஐந்தாம் வகுப்பு அறையில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எல்லா அரசாங்கக் கூட்டங்களையும் இந்த பெஞ்சில் நடத்தினால் தேசம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

படிவத்தில் நாலு கட்டம். இலக்கு, செயல்பாடு, காலக்கெடு, பொறுப்பாளர். ஸ்டெல்லா டீச்சர் போன வருடத் திட்டத்தைத் தயாராக வைத்திருந்தார். வருடத்தை மட்டும் மாற்றினால் போதும். இதில் நான் குறை காண மாட்டேன். பல திட்டங்கள் பிறப்பது இப்படித்தான். சிலவற்றுக்கு நானே பிரசவம் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு இலக்குக்கு எதிரிலும் அதன் நிலையைக் குறித்திருந்தார். படித்துக்கொண்டே போனேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் வாசிப்பது – ‘நடைபெற்று வருகிறது’. மரக்கன்று – ‘நடப்பட்டது’. (இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. நடுவதுதான் இலக்கு.) தண்ணீர் மணி – ‘முழுமையாக எட்டப்பட்டது’. கழிப்பறைத் தூய்மை – ‘முழுமையாக எட்டப்பட்டது’.

“சார்” என்றார் மும்தாஜ். “அந்த டாய்லெட்டு... முழுசா எட்டியாச்சுன்னா போட்டிருக்கு?”

“ஆமாம்மா.”

“கரெக்ட்தான் சார். பூட்டியே வெச்சிருந்தா கிளீனாத்தானே இருக்கும்?”

மும்தாஜ் குரலை உயர்த்தவில்லை. ஸ்டெல்லா டீச்சர் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், நான் இன்னிக்குத் தலைவியா வரல. டிசி கேக்க வந்தேன். போன வாரம் ரிஸ்வானா லீவு போட்டா இல்ல? காய்ச்சல், அடிவயித்து வலி, யூரின் போனா எரிச்சல். டாக்டரம்மா கேட்டாங்க, புள்ள பகல் பூரா அடக்கி வெச்சுக்குதான்னு. எங்க ஸ்கூல்ல மணியடிச்சுத் தண்ணி குடிக்க வெக்கறாங்க மேடம்னு நான் பெருமையாச் சொல்றேன். வீட்டுக்கு வந்து கேட்டா இவ சொல்றா... பாட்டிலை வாயில வெச்சுக்குவேம்மா, குடிக்க மாட்டேன். குடிச்சா போவணும். போவணும்னா டீச்சர்கிட்ட சாவி கேக்கணும்னு.”

“நான் யாரையும் போகாதேன்னு சொன்னதே இல்ல மும்தாஜ்.”

“சொல்லல டீச்சர். சாவி உங்க பீரோல இருக்கு. அதுவே சொல்லிடுது.”

கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் விசாரித்துவிட்டார்களாம். அந்த ஃபீஸ் இவர்களுக்குத் தாங்காது. அதுவும் அவருக்குத் தெரியும்.

பின் பெஞ்சில் ஆட்டோ ஓட்டுநர் செல்வம். அவர் மகன் இரண்டாம் வகுப்பு. “தலைவியே புள்ளைய எடுத்துக்கினு போனா, என் வூட்டுக்காரி நாளைக்கே என்னைக் கேப்பா டீச்சர்” என்றார். அவர் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார். நடந்தால் அடுத்து என்ன என்பது எனக்கும் டீச்சருக்கும் தெரியும். பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆவார். உபரி ஆனவர் வேறு ஊருக்குப் போவார். ஆசிரியர் இல்லாத வகுப்பிலிருந்து இன்னும் நாலு பேர் டிசி வாங்குவார்கள். சிறிய பள்ளி சாகிற முறை இதுதான். யாரும் மூட வேண்டியதில்லை.

சரி, ஸ்டெல்லா டீச்சர் கொடுமைக்காரியா?

“முன்னாடி தொறந்துதான் சார் வெச்சிருந்தேன்” என்றார். “ஒருநாள் மத்தியானம் மேலேருந்து விசிட் வந்தாங்க. லஞ்ச் முடிஞ்ச நேரம். எப்படி இருக்கும்? போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. விளக்கம் கேட்டாங்க. அந்த போட்டோ சுத்திச் சுத்தி எங்க மருமகளுக்கே வந்துடுச்சு சார். ‘இது உங்க ஸ்கூலா அத்தை?’ன்னு கேட்டா.”

மருமகள் கேட்ட பிறகு எந்த மாமியார்தான் பூட்டாமல் இருப்பார்?

அலுவலகத்தில் நான் பார்க்காத வித்தையா இது? ‘நிலுவையில் கடிதம் இருக்கக் கூடாது’ என்று எங்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. எங்கள் பிரிவில் ஒரு மகானுபாவர் கடிதத்தை வாங்குவதையே நிறுத்திவிட்டார். ‘இது எங்கள் பிரிவைச் சேர்ந்ததல்ல’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார். நிலுவை இல்லை. அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இலக்கு வைப்பதில் உள்ள தொல்லை இதுதான். நாம் கேட்டது நமக்குக் கிடைத்துவிடுகிறது. சுத்தமான கழிப்பறை கேட்டோம். கிடைத்தது. பாட்டில் தூக்கச் சொன்னோம். தூக்கினார்கள். இரண்டு கட்டத்திலும் டிக். இரண்டு டிக்குக்கும் நடுவில் ஒரு குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு மட்டும் படிவத்தில் கட்டம் இல்லை.

“டீச்சர், இப்படி எழுதலாமா?” என்றேன். “மதியம் ஒரு மணிக்குக் கழிப்பறை ஈரமாக இருக்க வேண்டும்.”

பாதி எரிச்சலில் சொன்னதுதான். செல்வம் சிரித்துவிட்டார். “அப்டீன்னா நம்ம பஸ் ஸ்டாண்டு டாய்லெட்டு இலக்கை எப்பவோ தாண்டிடுச்சு சார்.”

“இதை ஆன்லைன்ல ஏத்தினா மேல சிரிப்பாங்க சார்” என்றார் டீச்சர்.

மும்தாஜ் சிரிக்கவில்லை. “எழுதுங்க சார்” என்றார்.

எழுதுவதற்குத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்? ‘பள்ளி வேளை முழுவதும் மாணவர் பயன்பாட்டில் உள்ள கழிப்பறை, மதிய இடைவேளைக்குப் பின் சுத்தம் செய்தல்’ என்று எழுதினேன். பொருள் ஒன்றுதான். கோப்பு மொழியில் குளிப்பாட்டிவிட்டால் எதற்கும் மேலே சிரிக்க மாட்டார்கள்.

பகல் முழுக்கத் திறந்திருக்கும். பள்ளி விட்ட பிறகு மட்டும் பூட்டு, வெளியாள் ஏறிக் குதிக்காமல் இருக்க. காலையில், ஒரு பிள்ளையும் வராத நேரத்தில், ஏற்கெனவே சுத்தமாக இருப்பதைக் கனகா கழுவிவிட்டுப் போவதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கழுவினால் தீர்ந்தது. வேலை நேரத்தை மாற்றக் குழுவின் தீர்மானம் ஒன்று, மேலே ஒரு தகவல் கடிதம். இரண்டும் எனக்குத் தூக்கத்தில் வரும்.

கனகாவைக் கூப்பிட்டோம். வெளியே படியில்தான் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கின்னா சார், வர்றேன். காலைல என் வூட்டு வேலையாவது ஆவும். ஆனா மத்தியானம் நம்ம அபார்ட்மெண்ட்டு படிக்கட்டை யாரு கழுவறது?”

“வேற நேரம் மாத்திக்கோயேன்.”

“நான் எப்டி சார் மாத்துவேன்? பன்னெண்டு மணிக்குத்தான் வரணும்னு நீங்கதானே ரூலு போட்டீங்க.”

ஐந்தாம் வகுப்பு அறையே என்னைப் பார்த்தது.

உண்மைதான். காலையில் கழுவினால் ஆபீஸ் போகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று புகார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை என்று நானே வரைவு எழுதி, நானே முன்மொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம். எங்கள் படிக்கட்டும் ஒரு வகையில் முழுமையாக எட்டப்பட்ட இலக்குதான்.

நாலாவது கட்டத்தைப் பார்த்தேன். பொறுப்பாளர். அதுவரை எல்லா வரிசையிலும் ‘தலைமையாசிரியர்’ என்றே இருந்தது. மரம் நடுவதிலிருந்து மழைநீர் வரை அந்த ஒரு பெண்மணிதான் பொறுப்பு. பேனாவைத் திறந்து கழிப்பறை வரிசையில் என் பெயரை எழுதினேன். என் பெயரை ‘அனுப்புநர்’, ‘ஒப்பம்’ என்ற இடங்களில் ஏராளமாக எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டத்தில் எழுதியதாக நினைவில்லை.

மும்தாஜ் எழுந்தார். “ஒரு மாசம் பாக்கறேன் டீச்சர். அப்பவும் புள்ள பாட்டிலு ரொம்பித்தான் வீட்டுக்கு வந்துதுன்னா, டிசி குடுத்துடுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே அபார்ட்மெண்ட் கூட்டம் போட்டேன். பள்ளிக் கூட்டத்தைவிட இது கஷ்டம். இங்கே எல்லோரும் படித்தவர்கள்.

“மூணு மணிக்கா? அது ரெஸ்ட் எடுக்கற நேரம் சார்” என்றார் முதல் மாடி ரங்கநாதன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். “வாளிச் சத்தம் தாங்காது. தவிரவும், பன்னெண்டு மணிங்கறது நம்ம தீர்மானம்.”

“தீர்மானத்தைத் தீர்மானத்தால் திருத்தலாம்.”

“ஸ்கூல் பாத்ரூமுக்கும் நம்ம ஸ்டேர்கேஸுக்கும் என்ன சம்பந்தம்?”

நியாயமான கேள்வி. ரிஸ்வானாவின் காய்ச்சலைச் சொன்னேன். நாலைந்து பேர் ‘த்சு’ கொட்டினார்கள். த்சு கொட்டிவிட்டு மறுபடி வாளிச் சத்தத்துக்கே வந்தார்கள். என் மனைவிதான் அப்போது வாயைத் திறந்தாள். “ரங்கநாதன் சார், ராத்திரி பதினோரு மணிக்கு உங்க வீட்டு டிவி சத்தத்துல நாங்க தூங்கலையா? பழகிடும்.”

ரங்கநாதன் மௌனமானார். மௌனம் சம்மதம் என்று குறிப்பேட்டில் பதிவு செய்தேன். விதிப்படி அது செல்லுமா என்று கேட்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் எதுவும் மாறவில்லை. கதவு திறந்தே இருந்தது, யாரும் போகவில்லை. பூட்டுக்குப் பழகிய பிள்ளைகளுக்குத் திறந்த கதவு ஒரு பொறி மாதிரித் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் மணி அடித்ததும், பிள்ளைகள் பார்க்க, தானே ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டு, அந்தக் கழிப்பறைக்கே போய்விட்டு வந்தார். ஆசிரியர்களுக்கு வேறு இருக்கிறது. இருந்தும் போனார். இதைச் செய்யச் சொல்லி எந்தப் படிவமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியிருக்காது.

நேற்று மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி கூட்டம். கொஞ்சம் முன்னதாகவே போனேன். மதியம் ஒரு மணி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆய்வு செய்தேன். தரை முழுக்க ஈரம். நல்ல நாற்றம். ஒரு சின்ன செருப்பு ஓரமாக மிதந்துகொண்டிருந்தது. உத்தியோகத்தில் இருந்தபோது இவ்வளவு திருப்தியான ஆய்வு எனக்கு வாய்த்ததில்லை. பின்னாலேயே கனகா வாளியோடு வந்தார். “தள்ளு சார், வழுக்கும்.”

வெளியே வந்தால் ரிஸ்வானாவும் பக்கத்து இருக்கைப் பெண்ணும் ஓடிவருகிறார்கள். ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே நின்று கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்து முறைக்கிறாள். நான் நகர்ந்துவிட்டேன்.

கூட்டம் தொடங்கியது. மும்தாஜ் வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா டீச்சர் பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிசி புத்தகம் அங்கேதான் இருக்கிறது. கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

மும்தாஜ் கைப்பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“சார், அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்ல. புள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு காவலு நிக்குதுங்க. அதையும் ஒரு இலக்கா எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன். பள்ளியை விட்டுப் போகிறவர்கள் தாழ்ப்பாள் கேட்பதில்லை.