நகப்பூச்சு வைத்த முட்டைகள்

இடது கை முட்டையைப் பிடித்திருக்கிறது. வலது கை நகப்பூச்சுக் குப்பியின் தூரிகையை எடுத்து, ஓட்டின் உச்சியில் ஊசி இறங்கிய துளைமேல் ஒரு சொட்டு வைக்கிறது. சொட்டு பரவி, பளபளத்து, இறுகுகிறது. முட்டை தட்டுக்குப் போகிறது, அடுத்தது வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீண்டிருக்கும் அந்தக் கைகள் அவசரப்படுவதில்லை, நிற்பதுமில்லை. துளையை மெழுகாலும் அடைக்கலாம். "மெழுகு சூடா எறங்குமுங்க. உள்ள இருக்கறவன் எதுக்குங்க அந்தச் சூட்டத் தாங்கோணும்?" என்கிறது முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல். உள்ளே இருப்பவன், குஞ்சாக வளர்ந்துகொண்டிருக்கும் கரு.

குரல் அறிவுச்செல்வியுடையது. நாற்பதை நெருங்குகிறார். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில், தீவனக் கிடங்கு ஒன்றின் பின்புறமிருக்கும் சிறிய ஆய்வுக்கூடத்தில் வைரஸ் சோதனைகள் இவர் பொறுப்பு. விதிப்படி நகத்தில் எதுவும் பூசக்கூடாது. ஆனால் கடைவீதியின் வளையல் கடையில் நகப்பூச்சு அதிகம் வாங்குகிறவர் இவர்தான். "அக்கா, இத்தன வாங்கறீங்க, நகத்துல ஒண்ணையுங் காணமே?" என்று கடைப்பெண் ஒருநாள் கேட்டேவிட்டாள். "எங்கூட்டுல நகமே இல்லாத புள்ளைங்க நெறைய கண்ணு."

மளிகைக் கடையிலும் இவரால் கை சும்மா இருக்க முடிவதில்லை. அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, கைப்பேசி விளக்கை அடியில் வைத்துப் பார்ப்பார். "ஏனுங் டாக்டரம்மா, எங்கட முட்டைக்குமா ஸ்கேனு?" என்பார் கடைக்காரர் பெரியசாமி. "வயசு பாக்கறனுங். ஓட்டுக்குள்ள காத்து நிக்கற எடம் பெருசா இருக்குது, போன வாரத்து முட்ட." பெரியசாமி மறுபேச்சில்லாமல் உள்ளேயிருந்து வேறு அட்டை எடுத்து வருவார். வீட்டில் அவற்றை ஆம்லெட் போட்டுச் சாப்பிடுவதில் இவருக்கு எந்த மனச்சங்கடமும் கிடையாது.

இப்போது ஊசியில் இறங்கும் மருந்து சேலத்துப் பக்கம் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வருகிறது. அங்கே மதியழகன் என்ற இளம் வேதியியலர் அதைச் செய்கிறார். தவளையின் தோலிலும் கோழியின் குடலிலும் நம் எச்சிலிலும் கிருமிகளோடு சண்டை போடச் சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் உண்டு. அவற்றை அப்படியே மருந்தாகக் கொடுத்தால் உடம்பு செரித்துவிடும். மதியழகன் செய்வது அவற்றின் சாயலில் ஒரு செயற்கைச் சரக்கு. அறிவுச்செல்வியின் விளக்கம் சுருக்கமானது: "பிளாஸ்டிக் வாழப்பழம் பாத்திருக்கீங்கல்ல? அதே சாடை, கடிச்சாப் பல்லு எறங்காது. ஆனா இது வேலைய மட்டும் நெசமாச் செய்யோணும்."

வேலை என்பது கிருமியின் கொழுப்புறையைக் கிழிப்பது. சிக்கலும் அங்கேதான். வைரஸ் அந்த உறையை நம் செல்லிலிருந்தே எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது. "நம்மூட்டுச் சட்டையத்தானுங்க திருடிப் போட்டுட்டுப் போறான். அவசரத்துல உள்பக்கம் வெளிய தெரியறாப்புல போட்டுக்கறான். அத வெச்சுத்தான் இந்த மருந்து ஆளக் கண்டுபுடிக்கோணும். இல்லாட்டித் திருடனோட சட்டையோட நம்ம சட்டையுங் கிழிஞ்சுரும்."

இதற்கு முன் செய்த வகைகளெல்லாம் ஒன்று கிருமியைக் கொல்லாமல் விட்டன, அல்லது கருவையும் சேர்த்துக் கொன்றன. இந்த வகையும் முட்டையில் தோற்றால் வேலையை நிறுத்திவிடுவதாகப் பணம் தருபவர்கள் மதியழகனிடம் சொல்லிவிட்டார்கள்.

நகப்பூச்சின் நிறங்களுக்கு அர்த்தமுண்டு. சிவப்பு வைத்த முட்டையில் கிருமி மட்டும். கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் கிருமியில் வீரியம் குறைந்த வகை. பெரிய கோழி தாங்கிக்கொள்ளும், கரு தாங்காது. பச்சை வைத்ததில் மருந்து மட்டும். நீலத்தில் இரண்டும். தினமும் இருட்டறையில் ஒவ்வொன்றையும் விளக்கின்மேல் வைத்து, "அசையறயா சாமி?" என்று கேட்பார். ஓட்டுக்குள் செந்நரம்புகளுக்கு நடுவே கரு துள்ளினால் அடுத்த முட்டை.

சென்ற மாதம் நீலம் அத்தனையும் துள்ளியது. செய்தி கேட்ட மதியழகன் சேலத்திலிருந்து தட்டுவடை செட் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அறிவுச்செல்வி வழக்கம்போல் சிவப்பைக் கடைசியாக விளக்கில் வைத்தார். அதுவும் துள்ளியது. மிச்சச் சிவப்பும் துள்ளின.

"தம்பி, பொட்டலத்தப் பிரிக்காதீங்க."

"பிரிச்சாச்சேக்கா. ஏன்?"

"செவப்பு உசுரோட இருக்குது. செவப்பு செத்தாத்தானுங்க நீலம் பொழச்சதுக்கு அர்த்தம்."

மதியழகனின் கை பொட்டலத்திலேயே நின்றது.

"செரி, தின்னுருங்க, நமத்துப் போயிரும். சந்தோசத்துக்குத் திங்காதீங்க, பசிக்குத் தின்னுங்க."

தவறு முட்டையில் இருந்தது. சோதனைக்கென்று தடுப்பூசியே போடாமல் மூடிய கொட்டகையில் வளர்க்கும் கோழிகளின் முட்டை வெளியூரிலிருந்து வர வேண்டும். வண்டி தாமதமானதால், எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கணவர் கருப்பண்ணன் தன் மச்சானின் தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து கரு கூடிய முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பண்ணைக்காரர் கண்ணுக்கு முதல்தரமான முட்டைகள். அறிவுச்செல்வியும் பண்ணைக்காரர் வீட்டுப் பெண்தானே. நல்ல முட்டை என்று வாங்கிக்கொண்டார். தாய்க்கோழிக்குப் போட்ட தடுப்பூசி தந்த நோய்க்காப்பு மஞ்சள் கருவில் இறங்கியிருந்தது. மருந்துக்கு முன்பே அது கிருமியை மடக்கிவிட்டது.

கருப்பண்ணனுக்கு இன்னும் வருத்தம். "ஊசி ஒருக்காக்கூடத் தவறுனதில்ல எங்க மச்சான் பண்ணையில. அது ஒரு குத்தமா?"

"குத்தமில்லீங்க. நீங்க ரொம்ப நல்ல முட்டையாக் கொண்டாந்துட்டீங்க."

ஆகவே எல்லாம் முதலிலிருந்து. இந்த முறை ஊசி போடாத கோழிகளின் முட்டை. சில நாளில் சிவப்பு அத்தனையும் அடங்கின. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது, கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார், "அசையறயா சாமி?" என்று. பதில் வராத முட்டைகளைச் சற்று மெதுவாகத் தட்டில் வைத்தார்.

நீலத்திலும் பச்சையிலும் மருந்தைக் குறைவிலிருந்து அதிகம்வரை பல அளவுகளில் போட்டிருந்தார்; உயிர் இருந்ததும் உண்டு, அடங்கியதும் உண்டு. கண்ணுக்குத் தெரிந்தது போதாது. முட்டைகளைக் குளிரவைத்து, உள்நீரை உறிஞ்சி, பணியாரக்கல்லைச் சுருக்கியது போன்ற பிளாஸ்டிக் குழித்தட்டில் வரிசை வரிசையாக விட்டு, மேலே கோழியின் சிவப்பணுக்களைச் சேர்த்தார். கிருமி இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குழி முழுதும் மெல்லிய திரையாகப் பரவும். கிருமி இல்லையென்றால் அடியில் பொட்டாகச் சேரும். தட்டைச் சாய்த்தால் பொட்டு கண்ணீர்போல் வழியும்.

மதியழகன் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு வெளியறையில் நின்றார். கையில் பொட்டலம் எதுவுமில்லை.

"என்னக்கா ஆச்சு?"

"இருங், பாத்துட்டு வாரேன்."

குறைந்த அளவு மருந்து போட்ட வரிசையில் திரை. மிக அதிகமாகப் போட்ட வரிசையில் திரையுமில்லை, பொட்டுமில்லை. மருந்து சிவப்பணுக்களையே உடைத்து, குழிகளில் ரோஸ்மில்க் நிறத் தண்ணீர் நின்றது. இடையில் இருந்த வரிசை ஒன்றில் மட்டும் பொட்டுகள், பெரும்பாலும் எல்லாக் குழிகளிலும். அந்த அளவில் மருந்து கிருமியை மட்டும் கிழித்து, அணுக்களை விட்டுவைத்திருந்தது.

தட்டை மூடி இரண்டு கையாலும் ஏந்தி வெளியே வந்தார். மதியழகன் கை நீட்டினார். அறிவுச்செல்வி உடனே கொடுக்கவில்லை. ரோஸ்மில்க் வரிசை மதியழகன் கண்ணில் முதலில் படும்படி தட்டைத் திருப்பினார். அவர் அதை நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தட்டை அவர் கைகளில் வைத்து, தன் விரலை அடியிலிருந்து எடுக்காமலே கொஞ்சம் சாய்த்தார். நடு வரிசையில் பொட்டுகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் வழியத் தொடங்கிய பிறகுதான் விரலை எடுத்தார்.