செய்யாத வேலைக்கு வைத்த பச்சை

என் வீட்டுக்காரர் புனேயில், பாணேர் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, கான்கிரீட்டுக்குப் பலகையடிக்கிற சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கீழே இருபது பேர். ஒரு நாள் கோர்படியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் கையில் கொடுத்தார்.

“ஏ புள்ள, நீதான பத்தாவது படிச்சவ. இதுல மூணு சாஃப்ட்வேர் இருக்காம். ஒண்ண நீயே பாத்து எடு.”

விஷயம் இதுதான். எந்த வேலை முடிந்தது, எது பாக்கி என்று இனிமேல் எல்லாரும் போனில்தான் போட வேண்டும் என்று பில்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மூன்று பெயரைக் கொடுத்து, தோதானதை எடுத்து ஒரு மாதம் ஓட்டிக் காட்டுங்கள், ஒழுங்காக ஓட்டுகிறவருக்குத்தான் பக்கத்தில் எழும்பப் போகிற இரண்டாவது கட்டடம் என்றார்களாம். அது கிடைத்தால் இரண்டு வருஷத்துக்கு இருபது குடும்பமும் வேலை தேடி அலைய வேண்டாம். கிடைக்காவிட்டால் என்ன என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அதுவரை அவருடைய சாஃப்ட்வேர் ஒரு துண்டு சாக்பீஸ். பலகையில் தமிழில் எழுதி வைப்பார். மழை வந்தால் போய்விடும்.

முதலாவதைத் திறந்தோம். முழுக்க இங்கிலீஷ். ஒரு வேலையை எழுதுவதற்குள் பத்துக் கேள்வி கேட்டது.

“பொண்ணு பாக்க வந்தப்பகூட உங்கப்பா என்னை இத்தன கேள்வி கேக்கல.”

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டாரு” என்றேன்.

இரண்டாவது தமிழை ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலை முடிந்தது என்று வைக்க, அந்த இடத்தில் நின்று போட்டோ எடுத்தால்தான் விடும். மூன்றாவது சுலபம். பாக்கி என்றால் சிவப்பு, தொட்டால் பச்சை. என் போனிலும் ஏற்றிக்கொண்டால் வீட்டிலிருந்தே தொடலாம். அவர் சைட்டிலிருந்து போனில் சொல்வார், நான் அடுப்படியிலிருந்து தொடுவேன்.

“மூணாவதே இருக்கட்டுங்க” என்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்காகத்தான் அதை எடுத்தேன். கல்யாணமாகிப் புனே வந்த இத்தனை வருஷத்தில் அவர் வேலையில் என் கை பட்டது அப்போதுதான். “தூண் பெட்டி கழட்டியாச்சு”, “ஜாக்கி முட்டு குடுத்தாச்சு” என்று அவர் சொல்லச் சொல்ல, ரசம் கொதிக்கிற பக்கத்தில் நின்று பச்சையாக்குவேன். நானே மூன்றாவது மாடியில் நிற்பதுபோல இருக்கும்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. காலையில் விளக்கேற்றி, முருகன் முன்னால் நின்றுவிட்டுப் போனைத் திறந்தால் அன்றைய வேலை அத்தனையும் சிவப்பு. சாமி கும்பிட்ட கண்ணோடு அதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை. எங்கள் தெருவில் காய்கறி விற்கிற மராட்டி அம்மாள், முதல் வியாபாரம் ஆனதும் போஹ்னி என்று காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நம் ஊர் போணிதான் அது. முதல் போணி நல்லதாக இருந்தால் நாளெல்லாம் நல்லது. அதனால் நானும் தினம் ஒரு வேலையை, மத்தியானத்துக்குள் எப்படியும் முடிந்துவிடும் என்கிற ஒன்றை, “முருகா” என்று தொட்டுப் பச்சையாக்கிவிடுவேன். அவரிடம் சொல்லவில்லை. பத்து நாள் ஒரு குறையும் வரவில்லை.

பதினோராம் நாள் ஸ்லாப், தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாள். முந்தின நாளே எல்லாம் பச்சை. ஒன்றே ஒன்று பாக்கி. பாத்ரூம் குழாய் இறங்கக் கான்கிரீட்டில் வழி விட வேண்டும் அல்லவா, அதற்கு வைக்கிற பைப் துண்டுகள். பிளம்பர் காலை ஏழு மணிக்கு வந்து வைத்துவிடுவார் என்று இவர் சொல்லியிருந்தார். கிருத்திகை வேறு. விளக்கேற்றினேன், தொட்டேன்.

எட்டரை மணிக்குப் போன். பின்னால் கான்கிரீட் லாரியின் டிரம் சுற்றுகிற சத்தம்.

“புள்ள, பாத்ரூம் பைப்பு வெச்சாச்சுன்னு நான் எப்பச் சொன்னேன்?”

அடுப்பை அணைத்தேன்.

“பிளம்பரே இன்னும் வரல. எல்லாம் பச்சையா இருக்குன்னு அவங்க போன்ல பாத்துட்டு சைட்டு எஞ்சினியரம்மா லாரிய வரச் சொல்லிட்டாங்க. தேங்கா ஒடைக்க மேல போனேன், பாத்தா ஒண்ணுமே இல்ல.”

“நான்தாங்க. போணிக்கு.”

“எதுக்கு?”

“காலைல ஒண்ணாவது பச்சையா இருக்கட்டும்னு...”

“லாரிய நிறுத்துங்கப்பா” என்று யாரிடமோ கத்தினார். பிறகு, “சரி, வையி. அழுவாத” என்றார். நான் அழுதது எப்படித் தெரிந்ததோ.

மறுநாள் போட வேண்டிய பார்க்கிங் சுவருக்கு அந்த லாரியைத் திருப்பிவிட்டார்களாம். பிளம்பர் ஓடி வந்து பைப் வைத்து, பத்தரைக்கு ஸ்லாப் ஆரம்பித்தது. ஆனால் எஞ்சினியரம்மா கேட்டதற்கு, “என் கைதான் தவறிப் பட்டுடுச்சு” என்று இவர் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் சாப்பிடும்போது சொன்னார்.

“அப்போ ரெண்டாவது கட்டடம்?”

“முருகன் விட்ட வழி” என்று சோற்றைப் பிசைந்தார்.

சாமி பெயரைச் சொல்லிச் செய்யாத வேலைக்குப் பச்சை வைத்தவள் நான். என்னைக் காப்பாற்ற அவரும் ஒரு பொய் சொன்னார். மறுநாள் அவருக்குத் தெரியாமல் இரண்டு பஸ் மாறி பாணேர் போனேன். எஞ்சினியரம்மா மராட்டிக்காரர், சின்ன வயசு. என் உடைந்த இந்தியில் ஒன்று விடாமல் சொன்னேன்.

“அண்ணா கை தவறும்னு நான் நம்பவே இல்ல, அண்ணி” என்று அவரும் இந்தியில்தான் சொன்னார். “போஹ்னி எங்கம்மாவும் பாப்பாங்க. ஆனா ஸ்லாப் போட்டப்புறம் தெரிஞ்சிருந்தா ஒடைச்சுல்ல எடுக்கணும்? ஆபீஸ்ல நான் என்ன சொல்லட்டும்?”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். மூன்றாவது வேண்டாம், இரண்டாவதை எடுத்துக்கொள்கிறோம். அங்கே நின்று போட்டோ எடுத்தால்தான் அதில் பச்சை ஆகும். வீட்டில் இருக்கிறவள் தொட்டால் ஒன்றும் ஆகாது. சொல்லிவிட்டுப் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றேன். எஞ்சினியரம்மா என் முகத்தைப் பார்த்தார். என் போனை வாங்கி, இரண்டாவதை ஏற்றி, என்னவோ செய்து திருப்பிக் கொடுத்தார்.

“தொட முடியாது. ஆனா பாக்கலாம்.”

விஷயம் இவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? “ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி மாட்டிக்கிட்டு வந்தியாக்கும்” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை.

மாதம் முடிந்ததும் இரண்டாவது கட்டடமும் எங்களுக்கே என்றார்கள். நடந்த தவறு, நாங்களே போய்ச் சொன்னது, மாற்றிக்கொண்டது, எல்லாவற்றையும் எஞ்சினியரம்மா எழுதிக் கொடுத்திருந்தாராம். அன்று முருகனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

இப்போதும் காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் போனைத் திறக்கிறேன். சிவப்பாகத்தான் இருக்கும். இத்தனையும் நல்லபடியாக முடித்துக் கொடு என்று கேட்டுக்கொள்வேன். ஒவ்வொன்றாகப் படம் வரும். நேற்று வந்த படத்தில் பாதி அவருடைய கட்டைவிரல். கூப்பிட்டேன்.

“வெரல எடுத்துட்டு இன்னொண்ணு எடுங்க. கம்பியே தெரியல.”

“முன்ன ஒரு எஞ்சினியரம்மாவுக்குத்தான் பயந்தேன். இப்ப ரெண்டு பேரு ஆயிட்டாங்க” என்றார்.

கம்பி நன்றாகத் தெரிகிற மாதிரி இன்னொரு படம் வந்தது.