முனியம்மாவை எந்தப் பக்கம் புதைப்பது?

1. கிண்ணத் தண்ணீர்

எங்கள் தீவின் தெற்கே, ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கரும்புத் தோட்டக் கலவரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முதல் நாளே மாசேர் மார்த் எனக்கு மூன்று வேலைகளைக் காட்டினார். மாசேர் என்றால் கன்னியாஸ்திரீ. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பாஸேன் என்கிற மலசலத் தட்டைக் கழுவுவது ஒன்று. புண்ணுக்கு மருந்து வைத்துப் பான்ஸ்மான் கட்டுவது இரண்டு. யாருக்காவது மூச்சு இழுக்க ஆரம்பித்தால், கட்டில் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டு ஓடிப்போய் அவரிடம் சொல்வது மூன்று.

முதல் இரண்டும் சீக்கிரம் கைவந்தன. மூன்றாவது எதற்கென்று புரியத்தான் நாளாயிற்று. அந்தத் தண்ணீரை நெற்றியில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். கேட்காமல் கொடுக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்கள் கேட்கிற நேரம் அப்படிப்பட்ட நேரம்.

என் பெயர் லோகம்மாள். அது மாசேர்கள் வாயில் நுழையாமல் லூயீஸ் ஆயிற்று. சம்பளம் வாங்கியவள் லூயீஸ், சாப்பிட்டவள் லோகம்மாள். இதில் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை.

இப்போது இதை எழுத வைத்தவள் என் தங்கை மகள். ரோஸ் ஹில்லில் கல்லூரி ஆசிரியை. ஆப்பிரிக்காவின் இக்போ மக்களைப் பற்றிய நாவல்களை வகுப்பில் நடத்துகிறாள். பாதிரிமார் ஊருக்குள் வருவதும், அதுவரை ஒன்றாகக் கும்பிட்ட குடும்பங்கள் இரண்டாகப் பிரிவதுமாகப் போகிற கதைகளாம். “பெரியம்மா, நீங்க மாசேர்களோட காலம் தள்ளினவங்க. எங்க பசங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் கொடுங்க” என்று பிடித்துக்கொண்டாள். எனக்கு எழுத வருவது அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் ஒன்றுதான். பிரெஞ்சில் மாற்றுவது அவள் பாடு.

பிள்ளைகளே, என் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. இருந்திருந்தால் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

2. முனியம்மா

முனியம்மா எங்களுக்கு அடுத்த ஊரான சுரினாம் பக்கத்துத் தோட்டத்தில் களை வெட்டியவள். யுத்தம் முடிந்த பிறகு ஒரு மழைக்காலத்தில், உடம்பெல்லாம் நீர் கோத்து, முதுகில் படுக்கைப் புண்ணோடு எங்களிடம் வந்தாள். புருஷன் ஆறுமுகம் கரும்பு வெட்டுகிறவர். சுரினாம் கோவில் தீமிதியில் கரகம் ஏந்தி முதலில் குழியில் இறங்குகிறவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே வந்து அவள் காலடியில் உட்கார்ந்திருப்பார். ஒரே மகன் செல்வம் காய்ச்சலில் சின்ன வயதிலேயே போய்விட்டான். கடலோரத்து இடுகாட்டில், நம்மவர் பகுதியில் புதைத்திருந்தார்கள். அந்த இடுகாட்டின் நடுவே இடுப்பளவு கற்சுவர் ஒன்று போகும். ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் நாம்.

“அக்கா, எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல” என்று ஒருநாள் முதுகுப் புண்ணைக் கட்டும்போது சொன்னாள். “எம் புள்ள பக்கத்துல கெடக்கணும். அவரு வந்து அந்தப் பக்கம் படுத்துக்குவாரு. நடுவுல அவன். வீட்டுல படுப்போமே, அந்த மாதிரி.”

அவள் புண் நாறியது. உறவுக்காரப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பினார்கள். மாசேர் மார்த் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, தலைகூட வாரிவிடுவார். அவர்தான் கேட்டார், ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறாயா என்று. முனியம்மா சரி என்றாள்.

மாசேர் போனதும் நான் தமிழில் கேட்டேன், என்னவென்று புரிந்துதான் சொன்னாயா என்று.

“புரியாம என்னக்கா? செல்வத்துக்குக் காய்ச்சல் கண்டப்ப மாதா கோவில்ல மெழுகுவத்தி ஏத்தலயா நான்? இந்த அம்மா எனக்குப் பீ மூத்திரம் அள்ளுது. அது கும்புடுற சாமி தண்ணி குடுத்தா வேணாம்னா சொல்றது? மாரியாத்தா கோவிச்சுக்கமாட்டா. ஆத்தாளுக்குத் தெரியாத சாமியா?”

நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம். காவடியும் எடுப்போம், மாதாவுக்கு நேர்ந்தும்கொள்வோம். ஒரு சாமி உள்ளே வந்தால் இன்னொரு சாமி எழுந்து போக வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. இதைத் தங்கை மகளிடம் சொன்னபோது, அந்த இக்போக் கதைகளிலும் ஜனங்கள் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள் என்றாள், இருக்கிற சாமிகளோடு இன்னொன்றும் இருந்துவிட்டுப் போகட்டுமென்று. பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

முனியம்மா மரியா ஆனாள். அந்த வாரமே ஒரு காலையில், கஞ்சி வாங்கிக் குடித்த சிறிது நேரத்தில் போய்விட்டாள்.

3. சுவர்

ஆறுமுகம் கோவில் ஆட்களோடு மூங்கில் பாடை கொண்டுவந்து வராந்தாவில் வைத்தார். அதற்குள் மோம்பேரும் வந்துவிட்டார். பாதிரியாரை அப்படிச் சொல்வோம். மாசேர் மார்த் சிவந்த கண்ணோடு என் கையைப் பிடித்து, “லி பு நு அஸ்தேர்லா” என்றார். இவள் இனி நம்முடையவள் என்று அர்த்தம். அன்பாகத்தான் சொன்னார்.

ஆறுமுகம் சத்தம் போடவில்லை. மகன் பக்கத்தில் அவளைப் புதைக்க விடும்படி என்னைக் கேட்கச் சொன்னார். நான் மோம்பேரிடம் எங்கள் தீவுப் பேச்சான கிரியோலில் சொன்னேன்.

“அவ ஆத்துமாவுக்கு நான்தானே பொறுப்பு? சுவத்துக்கு அந்தப் பக்கம் எப்படி விட முடியும்? நீயே சொல்லு லூயீஸ்” என்றார் மோம்பேர்.

மகன் பக்கத்தில் கிடக்க வேண்டுமென்று அவளே என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவர், “ஞானஸ்நானத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று கேட்டார்.

“முன்னால, மோம்பேர்.”

“அப்ப அதுக்கப்புறம் மனசு மாறியிருக்கும்.”

ஆறுமுகம் கோவில் தலைவரிடம் திரும்பினார். “நீங்களாச்சும் கேளுங்க ஐயா.”

தலைவரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “என்னத்தக் கேக்க, ஆறுமுகம்? தலையில தண்ணி வாங்கிட்டா. இன்னிக்கி இவளுக்கு விட்டா நாளைக்கி எல்லாரும் அங்க தண்ணி வாங்கிட்டு இங்க வந்து படுப்பான். அப்புறம் நமக்குன்னு என்ன மிஞ்சும்? எனக்கு மட்டும் இது இனிக்குதா?” அவர் வேதனை எனக்குத் தெரியும். அவருடைய பங்காளிகளில் பாதிப்பேர் அந்தப் பக்கம் போய், இவரைத் தெருவில் கண்டால் பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்கள்.

கோவில் ஆட்கள் கலைந்தார்கள். வெறும் பாடை வராந்தாவிலேயே கிடந்தது. முனியம்மாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். செபம் முடியும்வரை ஆறுமுகம் இந்தப் பக்கம், மகன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார்.

4. ஆறுமுகம்

அதன்பின் அவர் ஞாயிற்றுக்கிழமைகளை இடுகாட்டில் கழித்தார் என்று கேள்விப்பட்டேன். மகனிடம் கொஞ்ச நேரம், சுவர் தாண்டி அவளிடம் கொஞ்ச நேரம். மறு வருடம் தீமிதிக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தார்.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் எங்க போய்ப் படுக்கிறது? அவகிட்டப் போனா புள்ள தனியாக் கெடப்பான். புள்ளகிட்டப் போனா அவ தனி.”

அவரே முடிவையும் சொன்னார். “புள்ளயச் சுத்தி நம்ம சனம் கெடக்கு. பாத்துக்குவாங்க. அவளுக்கு அங்க பேச்சுத்துணைக்கு ஆரு இருக்கா? அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, அக்கா.”

அந்த மாதமே ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். தீமிதியில் வேறொருவர் கரகம் ஏந்தி முதலில் இறங்கினார். ஆறுமுகம் கோவிலுக்கு எதிரே, தெருவில் நின்று பார்த்தார். கோவிந்தா போட்டுக்கொண்டு போனவர்கள் அவரைப் பார்க்காதவர்கள்போலக் கடந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

சுதந்திரத்துக்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் வார்டிலேயே இறந்தார். மோம்பேர் குறையில்லாமல் எல்லாம் செய்தார். பெட்டிக்குப் பின்னாலேயே நானும் போனேன். முனியம்மா இருந்த வரிசையை நோக்கி நான் நடக்க, பெட்டி வேறு பக்கம் திரும்பியது. அவள் வரிசை எப்போதோ நிறைந்துவிட்டதாம். அந்தப் பக்கம் சாகிற வரிசைப்படிதான் குழி. பக்கத்து இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே விலைக்கு வாங்கியிருக்க வேண்டுமாம். மோட்சத்தைப் பற்றி அவருக்கு எவ்வளவோ சொன்னார்கள். இதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. புது வரிசையில், ரோட்டோரமாக, முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அவரை இறக்கினார்கள். மூன்று பேரும் மூன்று இடத்தில் கிடக்கிறார்கள்.

உங்களில் யாராவது நர்ஸ் வேலைக்குப் போவீர்கள். சாகக் கிடக்கிறவரிடம் எந்தச் சாமி என்று கேட்காதீர்கள். யார் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஓய்வு பெறும்வரை நான் எல்லோரிடமும் அதைத்தான் கேட்டேன். அம்மா பெயரைச் சொன்னார்கள், பெண்டாட்டி பெயரைச் சொன்னார்கள், செத்துப்போன பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர்கூட ஒரு சாமி பெயரைச் சொன்னதில்லை. அவர்கள் சொன்ன இடத்தில் அவர்களைப் படுக்க வைப்பது மட்டும் கடைசிவரை என் கையில் இல்லை.