பென்சிலில் போட்ட இருபத்திரண்டு வீடுகள்

விலைபோனவர் தன் வீட்டையுமா சேர்த்து விற்பார்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். ஓட்டல்காரர்கள் அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்களாம், கரையோர வரிசையை நகர வரைபடத்திலிருந்து அழிக்கச் சொன்னார்களாம், அவரும் அழித்துக் கொடுத்துவிட்டு, இடிக்கிற இயந்திரம் வருவதற்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடிவிட்டாராம். குழாயடியில் தினமும் இதுதானே பேச்சு? முதல் ஆளாகப் போனது உண்மை. மற்றதெல்லாம் வாய்க்கு வந்தது. வரிசையில் இருந்தவை இருபத்திரண்டு வீடுகள். ஏழாவது வீட்டில் குடியிருந்தவர்கள் அவரும் அவருடைய அக்காவும். இத்தனை நாள் இதைச் சொல்ல முடியாமல் வாயைக் கட்டிப்போட்ட காரணம் ஒன்று இருந்தது. இப்போது அந்தக் காரணமும் இல்லை, வரிசையும் இல்லை. முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகும் திட்டத்தான் வேண்டும் என்றால் திட்டுங்கள்.

நகர மன்றத்தின் வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடம் படம் வரைந்தவர் அவர். ஆள் ஒல்லி, உயரம், குனியத் தெரியாத முதுகு. சட்டைப் பையில் ஒரு ஸ்கேல் எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும். வரிசையில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் 'ஸ்கேல்'தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படகுக்கும் லாரிக்கும் தார்ப்பாய் தைக்கிற அக்காதான் அவரை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கடைசிவரை "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நடந்த ஒரு காரியம் அவர் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. சந்தை ஓரத்தில் ஒரு தையல்காரர் தகரக் கொட்டகை போட்டிருந்தார். அனுமதி கிடையாது. இவர் புதுசு, துடிப்பு, கண்ணில் பட்டதையெல்லாம் கறுப்பு மையில் அழகாக வரைந்து வைத்தார். படத்தைப் பார்த்த அதிகாரி, "இது என்ன, நம்ம கணக்குல இல்லாத கட்டடம்?" என்றார். மாதம் முடிவதற்குள் கொட்டகை தரைமட்டம். தையல்காரர் இவரைத் தேடி வந்து சண்டை போடவில்லை. மன்றத்து வாசலில் நின்று, "தம்பி, நீங்க நல்லா வரையறீங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. பிரிவில் இருந்த மூத்தவர் ஒருவரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாராம். அனுமதி உள்ள கட்டடம் மையில் ஏறும். அனுமதி இல்லாமல் ஆள் குடியிருந்தால் பென்சில், அதுவும் மெல்லிசாக, காகிதத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி. மையில் போட்டால் இடிக்க வருவார்கள். போடாமலே விட்டால் அந்த வழியாகச் சாலையையோ சாக்கடையையோ கொண்டுபோய்விடுவார்கள். பென்சிலில் போட்டால், படத்தைக் கையில் எடுக்கிற பொறியாளர் சாய்த்துப் பார்ப்பார், "ஓ, ஆள் இருக்காங்க" என்று தெரிந்துகொள்வார், கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாத ஏற்பாடு. இருபத்தைந்து வருடம் கரையோர வரிசை இடிபடாமல் நின்றதற்கு அந்தப் பென்சில்தான் காரணம். குழாயடியில் இதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பிறகு கணினி வந்தது. பழைய படங்களையெல்லாம் உள்ளே ஏற்றுவதற்கு ஆட்கள் படம்பிடிக்கிற இயந்திரத்தோடு வந்தார்கள். இனிமேல் கணினியில் இருப்பதுதான் படம், காகிதம் செல்லாது என்று மன்றம் தீர்மானமும் போட்டது. ஏற்றிய படங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது இவர் பொறுப்பு. மூன்று நாளில் நானூறு படம். கோடு கோணலாக இருக்கிறதா, எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார், போட்டார், பார்த்தார், போட்டார். இயந்திரத்தின் கண்ணுக்கு மை மட்டும்தான் தெரியும், பென்சில் தெரியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் குற்றம் அவருடையது. அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை மன்றத்தின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை ஓட்டலைக் கொண்டுவந்து வைத்தார்கள். பதினொரு மாடி, விரல் நீளத்துக்குப் படகுகள், பஞ்சில் செய்த மரங்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் குனிந்து பார்த்தார்கள். இவரும் குனிந்தார். பழைய பனிக்கட்டிக் கிடங்கு தெரிந்தது. அதற்கு அடுத்தாற்போல் வரிசை இருக்க வேண்டும். அங்கே நீல வண்ணத்தில் நீச்சல் குளம் இருந்தது.

மாடிக்கு ஓடினார். கணினியில் கரையைத் திறந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழே சிறிதாக 'சரிபார்க்கப்பட்டது', அதற்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து.

பிரிவின் தலைவி இவரைவிடப் பத்து வயது சின்ன பொறியாளர். கெட்டவர் இல்லை. பழைய ஆவணங்கள் கிடக்கும் கிட்டங்கியிலிருந்து காகிதப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் விரித்தார் இவர்.

"சாய்ச்சுப் பாருங்க மேடம். இருபத்திரண்டு வீடு."

பொறியாளர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தெரியுது சார். ஆனா இது இப்ப வெறும் காகிதம். தீர்மானம் போட்டாச்சே."

"கணினில திருத்திடலாமா? நானே மையில போட்டுடறேன்."

"திட்டம் வந்தப்புறம் போட்டா அதுக்குப் பேரு மோசடி. உங்களையும் தூக்குவாங்க, என்னையும் தூக்குவாங்க, வீடும் நிக்காது. அதுல ஒண்ணு உங்க வீடுதானே?"

"ஏழாவது."

"அப்போ சுத்தம்" என்றார் பொறியாளர். தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னார். அக்கா தைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொம்மையில நம்ம வீடு எங்கடா வருது?"

"நீச்சல் குளத்துல."

"நல்லதாப் போச்சு. அலை ஏறுற அன்னிக்கு மட்டும் உள்ள தண்ணி வரும், இனிமே நாள் பூரா இருக்கும்" என்று சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை என்றதும் இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள். "நிஜமாவாடா?"

ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம் என்று அறிவிப்பு இருந்தது. அக்கா எழுதி வாங்கிக்கொண்டு போனாள். குழாய் பழுது பார்க்கிற மூன்றாம் வீட்டுக்காரரும் கூடப் போனார். வாங்குகிற இடத்தில் இருந்தவர், "மனை எண் போடலையே" என்றார். வரிசைக்கு ஏது மனை எண்? எண் இல்லாத ஆட்சேபத்தைப் பதிய முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குழாய்க்காரர் நேராக ஏழாவது வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏன் ஸ்கேல், ஊருக்கெல்லாம் கோடு போடறீங்க, நம்ம தெருவுக்கு ஒரு நம்பர் போட முடியலையா?"

"படத்துல நாம இல்லைங்க."

"யாரு போடல?"

"நான்தான். பென்சில்ல போட்டேன்."

அவர் உள்ளதைச் சொன்னார். குழாய்க்காரர் காதில் 'நான்தான்' மட்டும் விழுந்தது. மறுநாள் தெரு முழுக்க அந்த ஒரு சொல்தான் சுற்றியது. பென்சிலைப் பற்றி விளக்கப்போனால், "எங்களை அழிச்சு எழுதற மாதிரி வச்சிருந்தியா?" என்று கேட்டார்கள். கேட்பதிலும் நியாயம் இருந்தது.

மன்றம் கூடிய நாளில் பெரிய திரையில் படத்தைப் போட்டார்கள். எந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அந்த இடத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டுகிற வேலை இவருக்கு. பார்வையாளர் பெஞ்சில் வரிசைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், முன்னால் அக்கா. வாகனம் நிறுத்துமிடம், கழிவுநீர், கட்டடத்தின் நிழல் எதுவரை விழும் என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். கரையில் பொதுமக்கள் நடக்க எட்டடிப் பாதை விட வேண்டுமா, பத்தடியா என்பதற்கு மட்டும் அரைமணி. உறுப்பினர்களில் ஒருவர் தேர்தலின்போது வரிசைக்கு வந்து, அக்கா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்றத் தலைவர் கேட்டார்: "இந்த நிலத்தில் குடியிருப்பு ஏதேனும் உண்டா?"

பொறியாளர் எழுந்தார். "வரைபடத்தின்படி இல்லை."

"இருக்குங்க ஐயா" என்றார் இவர். குச்சி ஏழாவது வீடு இருக்க வேண்டிய வெள்ளையில் நின்றது.

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தலைவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கினார். "ஊழியர்கள் கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்பது விதி. குச்சி பிடிக்கிறவர் குச்சியைப் பிடிக்கட்டும்." யாரோ சிரித்தார்கள்.

அக்கா எழுந்துவிட்டாள். "நான் இருக்கேன்யா! இதோ நிக்கறேன், கண்ணு தெரியலையா?"

"அம்மா, எழுத்துல குடுத்தீங்களா?"

"குடுத்தேன். நம்பர் இல்லைன்னு வாங்கல."

"பதிவுல இல்லாததை வச்சு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றார் தலைவர். அதட்டிச் சொல்லவில்லை. தன் கையும் கட்டித்தான் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் இன்னும் கொடுமை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

வாக்கெடுப்பில் பதினான்குக்கு மூன்று என்று திட்டம் நிறைவேறியது. பாதை பத்தடி என்று முடிவாயிற்று. அறுபது நாளில் நிலத்தை ஓட்டல்காரர்களிடம் ஒப்படைக்கும்படி பிரிவுகளுக்குக் கடிதம் போயிற்று. வரிசைக்கு ஒரு துண்டுத் தாள்கூட வரவில்லை. ஆள் இல்லாத இடத்துக்கு யார் கடிதம் போடுவார்கள்?

இதற்குப் பிறகு நடந்ததுதான் யாருக்கும் தெரியாது. பொறியாளர் ஒருநாள் இவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"ஒரு வழி இருக்கு சார். மாற்று வீட்டுப் பிரிவுல குடியிருப்போர் பட்டியல் குடுக்கலாம். படத்துல இல்லாட்டியும் அவங்க நேர்ல வந்து பார்ப்பாங்க. பார்த்து எழுதினா, வேற இடத்துல வீடு கிடைக்கலாம். கிடைக்கும்னு சொல்லல."

"இன்னிக்கே குடுத்துடறேன்."

"இருங்க. அந்த வரிசையில மன்ற ஊழியர் ஒருத்தர் குடியிருந்தாப் போதும், அவருக்குத் தெரிஞ்சு பண்ணின ஆக்கிரமிப்புன்னு முழுப் பட்டியலையும் தள்ளிடுவாங்க. இருபத்திரண்டும் போயிடும்."

இவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "அப்போ நான் அங்க இருக்கக் கூடாது."

"இருந்ததாகவே தெரியக் கூடாது. பட்டியலுக்காக வெளியே போனார்னு ஒரு வாய் சொன்னாலும் போச்சு. வியாழக்கிழமை பார்க்க வராங்க."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் மட்டும் சொன்னார். அவள் கொதித்துப்போனாள். "இப்பவே தெருவுல நின்னு கத்தறேன். என் தம்பி எதுக்குப் போறான்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்!"

"கத்தினா இருபத்திரண்டு வீடும் போகும்கா. மூணாம் வீட்டுக்காரர் என்னைத் திட்டறாரு, அவரு வீடும் அதுல இருக்கு."

"அவனுக்கு எதுக்குடா வீடு?" என்றாள் அக்கா. பிறகு அவளே, "அவன் பொண்டாட்டி பாவம்" என்றாள். அப்புறம், "நீ எங்கடா போவே?" என்றாள்.

"கூட வேலை பார்க்கிறவர் வீட்டு மாடியில ஒரு அறை இருக்கு."

"சாப்பாடு?"

அவர் தாளை எடுத்துவைத்துப் பட்டியல் எழுத உட்கார்ந்தார்.

பட்டியலை அக்கா பெயரில் எழுதி, அக்கா கைநாட்டு வைத்துக் கொடுத்தாயிற்று. ஏழாவது வீடு: ஒரு பெண், தனியாக. வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டாம் தடவை கோபம் வந்தது. பத்துத் தடவை சொன்ன பிறகு சரளமாக வந்தது. அவருடைய இரண்டாவது தட்டு, செருப்பு, கொடியில் கிடந்த வேட்டி, சுவரில் மாட்டியிருந்த சின்ன வயதுப் படம் எல்லாவற்றையும் அவளே எடுத்துப் பையில் திணித்தாள். இருபத்தைந்து வருடம் ஒரு ஆள் இருந்த தடத்தை ஒரு காலை நேரத்தில் துடைத்துவிட முடிகிறதே என்று அவளுக்கே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை. அக்கா அவர் நெற்றியைத் தொட்டாள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "சட்டைப் பையில குத்தற அந்த ஸ்கேலை எடுத்து வை, பஸ்ஸுல யாரையாவது கிழிச்சிடும்" என்றாள். கதவைத் திறந்தாள்.

வாசலில் மூன்று நான்கு பேரோடு குழாய்க்காரர் நின்றுகொண்டிருந்தார். பையைப் பார்த்தார். "பார்த்தீங்களா? நான் சொல்லல? கப்பல் முழுகறதுக்கு முன்னாடியே ஐயா கிளம்பிட்டாரு. என்ன ஸ்கேல், ஓட்டல்ல கடல் பார்த்த ரூமா குடுத்திருக்காங்க?"

அவர் நின்றார். ஒரே ஒரு வாக்கியம் போதும், அத்தனை பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். வாயைத் திறந்தார். தெருமுனையில் மாற்று வீட்டுப் பிரிவின் ஆட்கள் இரண்டு பேர், கையில் எழுதும் பலகையும் தாளுமாக வந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"யாரு அது என் வாசல்ல நிக்கறது? வழி விடுங்க. இந்த வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். வழி விட்டு நடந்தார்.