ஈரக் கோணியும் கோதுமை பீரும்

எனக்கு ஸ்ரீசிட்டியில் வேலை, வீடு சத்யவேட்டில். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பன், வீட்டிலேயே கோதுமை பீர் செய்கிற மால்ட் கிட் ஒன்றைக் கொடுத்தான். தேன் பதத்தில் இருந்த மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டிய தானியச் சாற்றை, தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி, டிரம்மை மூடினேன். மறுநாள் மூடியிலிருந்த குழாயில் குமிழி விடாமல் வந்தது. வீடெங்கும் வாழைப்பழ வாசனை. பழமே போடாமல் இது எங்கிருந்து வருகிறது என்று முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். கோதுமை பீர் ஈஸ்ட்டின் வாசனையே அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

சூட்டில் கெட்டுவிடுமோ என்று, தண்ணீர்ப் பானைக்குச் செய்வதுபோல டிரம்மைச் சுற்றி ஈரக் கோணி கட்டினேன். இரண்டே நாளில் குமிழி நின்றது. எல்லாம் முடிந்தது என நினைத்து, நுரை வருவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, பாட்டில்களில் அடைத்துப் பரணில் வைத்தேன். கண்ணாடி பாட்டில் ஒன்று குறைந்ததால், ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலும் சேர்ந்தது.

நான்காம் நாள் பரணைத் துடைத்த மனைவி கேட்டாள்: "இன்னாங்க, இந்த பிளாஸ்டிக் பாட்டில் கல்லு மாதிரி கீது?"

அடிப்பக்கம் உப்பி, அது நேராக நிற்க முடியாமல் ஆடியது. ஈரக் கோணியின் குளிர்ச்சியில் அடங்கிக் கிடந்த ஈஸ்ட், பரண் சூட்டில் மறுபடி வேலையைத் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் கண்ணாடிக்குள்ளும் அதே அழுத்தம்தான். அவளை வெளியே அனுப்பிவிட்டு, ஹெல்மெட் மாட்டி, கனமான துணி போர்த்தி ஒவ்வொன்றாகத் திறந்தேன். நுரை கூரைவரை அடித்தது.

இப்போது குமிழியை நம்புவதில்லை. மிச்சமிருக்கும் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் ஒரே அளவு தெரிந்தால்தான் அடைக்கிறேன். கண்ணாடி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கட்டாயம் உண்டு. தினமும் அதை அமுக்கி, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பது மனைவிதான். பீரை ஒரு வாய்கூடக் குடிக்காத அவள், "ம், தொறங்க" என்றால்தான் நான் மூடியில் கை வைக்கிறேன்.